எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் ஆயுதச் சட்டம்

புது தில்லி: தனி நபர் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்த ஆயுதச் சட்டத் திருத்தம் 2019 டிசம்பர் 14-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. சட்டவிரோத ஆயுதங்களை ஒடுக்குவதே இத்திருத்தத்தின் நோக்கம் என்று அரசு கூறியது. ஆனால், இந்த வரம்பால் காவல் நிலையப் படியேற நேர்ந்தவர்கள் கள்ளத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அல்லர். ஆண்டுக்கணக்கில் உரிமத்தைப் புதுப்பித்து, ஆயுதத்தின் வரிசை எண்ணைப் பதிவேட்டில் காட்டி வந்தவர்களே.

அவர்களில் ஒரு சிறு பிரிவினரின் நிலை தனித்துக் கவனிக்கத்தக்கது. பாட்டனார் காலத்திலிருந்து வந்த பழைய ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கியைப் பேணி வருபவர்கள், அதைக் கொண்டு இலக்கை நோக்கிச் சுட்டுப் பழகுபவர்கள், துப்பாக்கிகளின் வரலாற்றில் ஆர்வம் கொண்டு சேகரிப்பவர்கள் ஆகியோரே அவர்கள். ஒரு முறை சுட்டால் மீண்டும் கையால் தோட்டாவைப் பொருத்தியாக வேண்டிய அந்தப் பழம்பொருளும், விசையை அழுத்த அழுத்த அடுத்தடுத்துச் சுடும் இன்றைய கைத்துப்பாக்கியும் சட்டத்தின் கணக்கில் தலைக்கு ஒன்று. இந்தக் கணக்கு சரியா என்ற கேள்வி நாடாளுமன்றத்தில் உரிய அளவில் விவாதிக்கப்படவில்லை.

மூன்று, ஒன்று, இரண்டு: ஆயுதச் சட்டம் 1959-இல் இயற்றப்பட்டு, 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அப்போது எண்ணிக்கை வரம்பு ஏதும் இல்லை. பஞ்சாபில் தீவிரவாதம் தலைதூக்கிய 1983-ஆம் ஆண்டில்தான் ஒருவருக்கு மூன்று துப்பாக்கிகளே என்ற வரம்பு வந்தது. முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 2019 நவம்பர் இறுதியில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா அதை ஒன்றாகக் குறைக்க முனைந்தது.

எதிர்ப்பு உடனடியாகக் கிளம்பியது. பஞ்சாப் முதல்வராக இருந்த கேப்டன் அமரீந்தர் சிங் உள்துறை அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். ராஜஸ்தானின் முன்னாள் அரச குடும்பத்தினரும் துப்பாக்கி சுடும் வீரர்களும் தங்கள் கவலையைத் தெரிவித்தனர். இதையடுத்து, டிசம்பர் 9-ஆம் தேதி மக்களவையில் மசோதா நிறைவேறியபோது, வரம்பு இரண்டு என மாற்றப்பட்டது. மறுநாளே மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. கூடுதல் துப்பாக்கி வைத்திருப்போர் ஓராண்டுக்குள் அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்றும், அதன்பின் 90 நாள்களுக்குள் அந்த ஆயுதம் உரிமத்திலிருந்து நீக்கப்படும் என்றும் சட்டம் கூறியது. வாரிசு உரிமையாகவோ குடும்பச் சொத்தாகவோ வந்த துப்பாக்கிக்கும் இதே வரம்புதான்.

மூன்று, ஒன்று, இரண்டு என எண்கள் மாறினவே தவிர, எதை எண்ணுகிறோம் என்ற கேள்வி எழவில்லை. சட்டவிரோத ஆயுதங்களுக்கும் குற்றங்களுக்கும் இடையே பெருகிவரும் தொடர்பே மசோதாவின் நோக்க உரையில் முதன்மைக் காரணமாகக் காட்டப்பட்டிருந்தது. நோக்கம் உரிமம் இல்லாத ஆயுதத்தைக் குறிவைக்க, எண்ணிக்கை வரம்போ உரிமம் உள்ள ஆயுதத்தின் மீது பாய்ந்தது.

ஒரே ஒரு தோட்டா: ஒற்றைத் தோட்டா போல்ட் கைத்துப்பாக்கியின் இயக்கம் எளிமையானது. துப்பாக்கிக் குழலின் பின்முனையை, கதவின் தாழ்ப்பாளைப் போன்ற ஓர் உலோகத் தண்டு அடைத்து நிற்கும். அதன் கைப்பிடியைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் வாய் திறக்கும். தோட்டா ஒன்றைக் கையால் வைத்து, தண்டை முன்னுக்குத் தள்ளி, கைப்பிடியை மடக்கிய பின்னரே சுட முடியும். சுட்ட பின் மீண்டும் திறந்து, வெற்று உறையை வெளியேற்றி, அடுத்த தோட்டாவை வைக்க வேண்டும். தோட்டாக்களை வரிசையாக அடுக்கும் அறை இதில் கிடையாது.

அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் 1963-இல் வெளியிட்ட எக்ஸ்பி-100 இந்த வகையில் பெயர் பெற்றது. நெடுந்தொலைவில் உள்ள இலக்கைத் துல்லியமாகச் சுடுவதே இதன் சிறப்பு. எடையிலும் நீளத்திலும் இது இடுப்பில் மறைத்துச் செல்வதற்கு ஏற்றதன்று.

விளையாட்டு உலகிலும் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிக்குத் தனி இடம் உண்டு. 50 மீட்டர் பிஸ்டல் பிரிவில் வீரர்கள் பயன்படுத்துவது, ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் பொருத்திச் சுடும் .22 ரகத் துப்பாக்கியையே. 1936 பெர்லின் ஒலிம்பிக் முதல் 2016 ரியோ ஒலிம்பிக் வரை இப்பிரிவு தொடர்ந்து இடம்பெற்றது; பின்னர் கைவிடப்பட்டது. இந்தியாவுக்கு இது பெருமை தேடித் தந்த பிரிவாகும். ராணுவ வீரரான ஜிது ராய் 2014 இன்ச்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இதில் தங்கம் வென்றார். அதே ஆண்டு உலக சாம்பியன்ஷிப் போட்டியில் வெள்ளி பெற்றார். ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்ட பின்னரும், 2018-இல் தென் கொரியாவின் சாங்வோனில் நடைபெற்ற உலக சாம்பியன்ஷிப் போட்டியில் இந்தியாவின் ஓம் பிரகாஷ் மிதர்வால் இப்பிரிவில் தங்கம் வென்றது குறிப்பிடத்தக்கது.

ரைஃபிளுக்கு உண்டு, பிஸ்டலுக்கு இல்லை: அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் சங்கத்தின் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்காகப் பயன்படுத்தும் .22 ரக ரைஃபிளுக்கும் ஏர் ரைஃபிளுக்கும் எண்ணிக்கை வரம்பு பொருந்தாது என்று ஆயுதச் சட்டத்தின் மூன்றாவது பிரிவே விலக்கு அளிக்கிறது. அதே .22 தோட்டாவை, ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் சுடும் பயிற்சிக் கைத்துப்பாக்கி இந்த விலக்கில் சேரவில்லை. மறைத்து எடுத்துச் செல்லக்கூடியது கைத்துப்பாக்கி என்பது இந்த வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்கலாம். ஆனால், நீண்ட குழலும் பயிற்சிக்கென்றே செதுக்கப்பட்ட பெரிய கைப்பிடியும் கொண்ட போட்டித் துப்பாக்கிகளுக்கு அந்தக் காரணம் எளிதில் பொருந்தாது.

பழமையின் பேரில் விலக்கு பெறலாமா என்றால், அந்த வழியும் குறுகியதே. வழக்கொழிந்த வகையையோ தொன்மை மதிப்பையோ சேர்ந்த ஆயுதங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என 45-ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால், பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைக் கொண்டு சுட இயலாது என்றால் மட்டுமே இந்த விலக்கு கிடைக்கும். அதாவது, துப்பாக்கி செத்துவிட்டால் பழம்பொருள். உயிரோடு இருந்தால் ஆயுதம். எண்ணெயிட்டுத் துடைத்து, நல்ல நிலையில் பேணியவருக்கு அந்தப் பேணுதலே தடையாகிறது. பழம்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் (1972) நூறாண்டு கடந்த பொருள்களுக்குத் தனி மதிப்பு அளிக்கிறது. எனினும், சுடும் நிலையில் உள்ள துப்பாக்கிக்கு அதனாலும் வரம்பிலிருந்து விடுதலை இல்லை.

ஆங்கிலேயர் விட்டுச் சென்ற அச்சம்: இந்தியாவின் ஆயுதச் சட்டங்களின் வேர் 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த சட்டத்தில் இருக்கிறது. 1857 எழுச்சியின் நினைவு மறையாத அக்காலத்தில், இந்தியர்கள் உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருப்பதை அச்சட்டம் குற்றமாக்கியது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. காந்தியடிகளே இதைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதையும் குடிமக்களின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

விடுதலைக்குப் பின் நிலைப்பாடு மாறியது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இந்த உரிமையை அரசியல் சாசனத்தில் சேர்க்க வேண்டும் என்று எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். அதை அம்பேத்கர் ஏற்கவில்லை. பிரிவினைக் கலவரங்களின் ரத்தம் உலராத நேரத்தில் எடுக்கப்பட்ட அந்த முடிவு தொலைநோக்குடையது என்பதில் ஐயமில்லை. அமெரிக்காவைப் போல் ஆயுதம் வைத்திருப்பது இந்தியாவில் அடிப்படை உரிமை அன்று என்பதை உச்ச நீதிமன்றமும் 2023 பிப்ரவரியில் சுட்டிக்காட்டியது.

ஆயினும், ஆங்கிலேயரின் அச்சம் ஒரு வடிவில் இன்றும் தொடர்கிறது. ராணுவத்தின் தோட்டாக்கள் வெளியாரின் துப்பாக்கிகளுக்குப் பொருந்திவிடக் கூடாது என்பதே அந்த அச்சம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 ரகத் துப்பாக்கிகளை இந்தியாவுக்குள் கொண்டுவர ஆங்கிலேய அரசு தடை விதித்தது. இதன் விளைவாக, இங்கிலாந்தின் துப்பாக்கி நிறுவனங்கள் இந்திய வேட்டைக்காரர்களுக்காக .465, .470 ஆகிய புதிய ரகங்களை உருவாக்கின. இன்றும் .303, 9 மி.மீ. போன்ற ராணுவ ரகங்கள் தடை செய்யப்பட்ட பட்டியலில் உள்ளன. பொதுமக்கள் .32 ரகக் கைத்துப்பாக்கியையும் .315 ரக ரைஃபிளையும் நாடுவதற்கு இதுவே காரணம்.

ஆயுதத்தின் தன்மையைப் பார்த்து வகைப்படுத்துவது இந்தியச் சட்டத்துக்குப் புதிதன்று என்பதை இது காட்டுகிறது. தானியங்கி ஆயுதத்துக்கு ஒரு விதி, ராணுவ ரகத் தோட்டாவுக்கு ஒரு விதி, பயிர்ப் பாதுகாப்புக்காக விவசாயி வைத்திருக்கும் வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு ஒரு விதி என வேறுபடுத்தத் தெரிந்த சட்டம், எண்ணிக்கை என்று வரும்போது மட்டும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கிறது.

பாதி திறந்த கதவு: எதிர்ப்புகளை அடுத்து மத்திய உள்துறை அமைச்சகம் 2020 பிப்ரவரி 12-ஆம் தேதி சில சலுகைகளை அறிவித்தது. தேர்ச்சி பெற்ற துப்பாக்கி சுடும் வீரர் ஒரு பிரிவில் பங்கேற்றால் எட்டு, இரு பிரிவுகளில் பங்கேற்றால் பத்து, அதற்கு மேல் என்றால் பன்னிரண்டு துப்பாக்கிகள் வரை வைத்திருக்க அனுமதிக்கப்பட்டது. இளம் வீரர்களுக்கான எண்ணிக்கை ஒன்றிலிருந்து இரண்டாக உயர்ந்தது. அரும்பொருள் வகையைச் சேர்ந்த சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் தேவையில்லை என்றும் அறிவிக்கப்பட்டது.

இது வரவேற்கத்தக்க முன்னேற்றமே. ஆனால், அந்த அரும்பொருளைப் பயன்படுத்தவோ வெளியே எடுத்துச் செல்லவோ உரிமம் வேண்டும். உரிமத்தில் அது பதிவாகவில்லை எனில் அதற்குத் தோட்டா விற்கக் கூடாது என்பது நிபந்தனை. கண்ணாடிப் பேழையில் வைத்துப் பார்ப்பவருக்குக் கதவு திறந்தது; சுட்டுப் பழக விரும்புபவர் பழைய வரிசையிலேயே நிற்கிறார். தேசியப் போட்டிகளில் தகுதிப் புள்ளி எடுத்தவருக்குப் பன்னிரண்டு வரை இடம் உண்டு. அந்தப் புள்ளியை எட்டாத சாதாரண ஆர்வலருக்கோ இரண்டே. ஒன்று தற்காப்புக்கு, மற்றொன்று வேட்டைக் காலத்துக் குடும்பச் சின்னம் என்றால், மூன்றாவதாக ஓர் ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கிக்கு இடமில்லை.

இவ்வளவுக்கும் தோட்டாத் தட்டுப்பாடே அதன் பயன்பாட்டை ஏற்கெனவே சுருக்கிவிட்டது. 1980-களில் தனிநபர் துப்பாக்கி இறக்குமதி தடை செய்யப்பட்ட பின், நாட்டில் எஞ்சியுள்ள வெளிநாட்டுப் பழைய துப்பாக்கிகளின் விலை பன்மடங்கு உயர்ந்தது. அவற்றில் பலவற்றுக்கு உரிய தோட்டாக்கள் இங்கு தயாராவதில்லை.

கட்டாவும் ஒற்றைத் தோட்டாவே: ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி என்பதாலேயே அது தீங்கற்றது என்று வாதிடுவோரும் ஓர் உண்மையைச் சந்தித்தாக வேண்டும். வட மாநிலங்களில் கொலை, கொள்ளை, தேர்தல் வன்முறை என எல்லாவற்றிலும் தலைகாட்டும் 'கட்டா' எனும் நாட்டுக் கைத்துப்பாக்கியும் பெரும்பாலும் ஒரு தோட்டா மட்டுமே கொள்வதுதான். தண்ணீர்க் குழாயையும் வண்டிகளின் இரும்புப் பாகங்களையும் கொண்டு செய்யப்படும் இது .315 அல்லது 12 போர் தோட்டாவைச் சுடும். நாட்டில் துப்பாக்கியால் நிகழும் கொலைகளில் மிகப் பெரும்பாலானவை உரிமம் இல்லாத ஆயுதங்களாலேயே நிகழ்கின்றன என்பதைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து காட்டி வந்துள்ளன.

பிகாரின் முங்கேர் இதற்கோர் எடுத்துக்காட்டு. வங்க நவாப் மீர் காசிம் 1760-களில் தன் தலைநகரை அங்கு மாற்றி ஆயுதப் பட்டறைகளை நிறுவியதிலிருந்து தொடங்குகிறது அவ்வூரின் துப்பாக்கித் தொழில். உரிமம் பெற்ற பட்டறைகள் வேட்டைத் துப்பாக்கிகளை மட்டுமே செய்ய அனுமதிக்கப்பட்டன. அவற்றுக்கான தேவை குறையக் குறைய, கைத்தொழில் தெரிந்தவர்கள் கள்ளத் துப்பாக்கித் தொழிலுக்கு ஈர்க்கப்பட்டனர். அங்கு உருவாகும் ஆயுதத்துக்கு வரிசை எண் இல்லை. உரிமையாளர் பெயர் இல்லை. ஒப்படைக்க வேண்டிய கெடுவும் இல்லை.

குடும்பப் பேழையில் உள்ள பழைய கைத்துப்பாக்கியும் முங்கேர் கட்டாவும் இயக்கத்தில் ஏறக்குறைய ஒரே வகையே. அவற்றைப் பிரிப்பது தோட்டாவின் எண்ணிக்கை அன்று; பதிவேடு. ஒன்று யாரிடம், எந்த ஊரில், எந்த எண்ணில் இருக்கிறது என்று அரசுக்குத் தெரியும். மற்றொன்று சுட்ட பின்னரே தெரியவரும்.

அரசுத் தரப்பு: மத்திய அரசின் கவலையை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி 2016 இறுதியில் நாட்டில் சுமார் 33.7 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. அவற்றில் 12.8 லட்சம் உத்தரப் பிரதேசத்தில் மட்டும்; தமிழகத்தில் சுமார் 22,500. உத்தரப் பிரதேசத்திலும் பஞ்சாபிலும் துப்பாக்கி என்பது பல இடங்களில் தற்காப்பைவிட அந்தஸ்தின் அடையாளம். திருமண ஊர்வலங்களில் வானை நோக்கிச் சுடும் வழக்கத்தால் அப்பாவிகள் இறப்பது அங்கு புதிய செய்தி அன்று. அப்படிச் சுடுபவருக்கு ஈராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என 2019 திருத்தம் விதித்தது மிகவும் தேவையான நடவடிக்கை.

உரிமம் வழங்கும் அதிகாரிகளே விலைபோனால் பதிவேட்டுக்கும் மதிப்பில்லை. ஜம்மு-காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை 2.78 லட்சத்துக்கும் அதிகமான உரிமங்கள் முறைகேடாக வழங்கப்பட்டதாக எழுந்த புகாரை சிபிஐ விசாரிக்க நேர்ந்தது இதற்குச் சான்று. உரிமம் பெற்ற துப்பாக்கி திருட்டுப் போய்க் குற்றவாளியின் கைக்குச் செல்வதும் உண்டு. வீடுகளில் துப்பாக்கிகள் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால், இந்தக் கவலைகள் ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. திருமணத்தில் சுடுபவரிடம் இருப்பது ஒரே துப்பாக்கியாக இருந்தாலும் உயிர் போகும். போலி உரிமத்துக்கு மருந்து, அதிகாரிகள் மீதான கண்காணிப்பு. திருட்டுக்கு மருந்து, பாதுகாப்பான சேமிப்பு. எண்ணிக்கையைக் குறைப்பது இவற்றில் எதையும் நேரடியாகத் தொடவில்லை.

பிரிட்டனும் குடகும்: துப்பாக்கிக் கட்டுப்பாட்டில் உலகிலேயே கடுமையான நாடுகளுள் ஒன்று பிரிட்டன். 1996-இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் பதினாறு குழந்தைகளும் ஆசிரியை ஒருவரும் சுட்டுக் கொல்லப்பட்ட பின், அங்கு தனியார் கைத்துப்பாக்கிகள் ஏறத்தாழ முற்றிலும் தடை செய்யப்பட்டன. அந்தச் சூழலிலும் 1997 சட்டம் பழைய கைத்துப்பாக்கிகளுக்கு இரு வழிகளைத் திறந்து வைத்தது. 1919-க்கு முன் தயாராகி, தோட்டா எளிதில் கிடைக்காத வகையைச் சேர்ந்ததெனில், அனுமதியுடன் வீட்டில் வைத்திருக்கலாம். வரலாற்று முக்கியத்துவம் உடைய மற்றவற்றை அரசு குறித்த இடத்தில் மட்டும் வைத்து, அங்கேயே சுடலாம். பழைய துப்பாக்கிகள் குற்றங்களில் பயன்படுவது தெரிந்ததும், 2021-இல் வழக்கொழிந்த ரகங்களின் பட்டியலிலிருந்து ஏழு ரகங்களை நீக்கவும் பிரிட்டன் தயங்கவில்லை. விலக்கு அளிப்பதும் திரும்பப் பெறுவதும் ஆயுதத்தின் தன்மையை வைத்தே அங்கு நடைபெறுகின்றன.

இந்தியாவிலேயே மற்றொரு முன்னுதாரணம் உண்டு. கர்நாடகத்தின் குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் ஆங்கிலேயர் காலம் முதலே துப்பாக்கி உரிமத்திலிருந்து விலக்கு உள்ளது. கைல்போது திருவிழாவில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வழிபடும் சமூகம் அது. இந்த விலக்கை 2029 வரை மத்திய அரசு நீட்டித்தது. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மரபின் பெயரால் ஒரு மாவட்டத்தை நம்ப முடிந்த அரசுக்கு, பதிவேட்டில் உள்ள ஒரு பழைய கைத்துப்பாக்கியை நம்புவது இயலாத செயலன்று.

என்ன செய்யலாம்?: எண்ணிக்கை வரம்பை நீக்க வேண்டியதில்லை. ஒற்றைத் தோட்டாப் பயிற்சிக் கைத்துப்பாக்கியையும் சுடும் நிலையில் உள்ள தொன்மைத் துப்பாக்கியையும் தனி வகையாக்கி, அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் ஆயுத அறையில் மட்டுமே அவற்றை வைக்கலாம் என நிபந்தனை விதிக்கலாம். தோட்டாவும் அங்கேயே வழங்கப்பட்டு, அங்கேயே கணக்கு முடிக்கப்படலாம். துப்பாக்கி உரிமங்களுக்கான தேசிய தரவுத் தொகுப்பில் ஒவ்வோர் உரிமதாரருக்கும் தனி அடையாள எண் வழங்கப்பட்டுள்ள நிலையில், இதைக் கண்காணிப்பது கடினமன்று. இவ்வாறு செய்தால் பழம்பொருளும் பிழைக்கும். வீட்டில் ஆயுதம் குவிகிறது என்ற அரசின் கவலையும் நீங்கும்.

காவல் நிலைய இருப்பு அறையில் ஒரு துப்பாக்கி துருப்பிடிப்பதால் முங்கேரில் ஒரு பட்டறையும் மூடப்படப் போவதில்லை. உரிமம் அற்ற ஆயுதங்களின் பெருக்கம் குறித்து உச்ச நீதிமன்றம் 2023-இல் தானாகவே விசாரணையைத் தொடங்கியது, எண்ணிக்கை வரம்பு நடைமுறைக்கு வந்து மூன்றாண்டுகள் கடந்த பின்னரே. கணக்கில் வந்ததை மேலும் குறைப்பது எளிது. கணக்கில் வராததைக் கண்டுபிடிப்பதே கடினம். 2019 திருத்தம் அந்தக் கடினமான பணிக்குத் தண்டனைகளைக் கூட்டியது. அதன் எண்ணிக்கை வரம்போ எளிதான பணியைத்தான் செய்து முடித்திருக்கிறது.